பதினான்காம் கேமரா

செங்குன்றம் போகிற சாலையில், அரிசி மில்லாக ஓடி, மூடிக்கிடந்து, பிறகு ஊரார் சாமான்களை வாடகைக்குப் பூட்டிவைக்கிற இடமாக மாறிய அந்தப் பெரிய கட்டடத்தில், ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், ஏழாம் நம்பர் கேமராவில் லுங்கியும் பனியனும் போட்ட ஒரு ஆள் தெரிந்தார். அதை நேரில் பார்த்தவர்கள் இன்னும் எங்கள் சாலையில் இருக்கிறார்கள். பார்க்காதவர்களும் பார்த்ததாகச் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள், அவர்களிடம் கேட்டால்தான் இன்னும் விவரமாகச் சொல்வார்கள். அந்த ஆள் அறுபத்தொன்றாம் ஷட்டருக்கு முன்னால் நின்று, பூட்டைப் பிடித்து மூன்று முறை இழுத்துப் பார்த்துவிட்டு, நாலடி நடந்து, திரும்பி வந்து, இன்னொரு முறை இழுத்துப் பார்த்தார். வாசல் அறையில் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்த காவலாளி தேவநாயகியக்கா தடியை எடுத்துக்கொண்டு ஓடினார். நடைபாதையில் யாரும் இல்லை, ஈரக் கால்தடம்கூட இல்லை, பழைய மில்லின் தவிட்டு வாசனை மட்டும் எப்போதும்போல இருந்தது. திரும்பி வந்து பார்த்தால் திரையில் அந்த ஆள் அங்கேயே நின்று தலையைச் சொறிந்துகொண்டிருந்தார்.

அக்கா அலறவில்லை, மந்திரிக்கவும் ஓடவில்லை. பதிவேட்டைப் புரட்டி, அறுபத்தொன்றின் பக்கத்தில் ஒட்டியிருந்த போட்டோவைத் திரையில் நின்ற முகத்தோடு ஒத்துப் பார்த்து, அது தோஹாவில் ஏசி மெக்கானிக்காக இருக்கிற தமீம் என்று தெரிந்துகொண்டு, அங்கிருந்தே அவருக்கு போன் போட்டார். தங்கை கல்யாணத்துக்குச் சேர்த்த பாத்திரமும் பீரோவும் அவருடைய அறையில் இருந்தன. போனை எடுத்த தமீம், இவர் வாயைத் திறப்பதற்குள், "அக்கா, பூட்டு சரியா இருக்குல்ல? இப்ப அதையேதான் நினைச்சிட்டு உக்காந்திருக்கேன்" என்றார். அக்கா போனைக் காதிலிருந்து எடுக்காமலேயே நடந்துபோய், அறுபத்தொன்றாம் பூட்டை மூன்று முறை இழுத்து, அந்தச் சத்தத்தை போனுக்குக் காட்டினார்.

"கேட்டுச்சா?"

"கேட்டுச்சுக்கா."

அறைக்குத் திரும்பி வந்தபோது திரையில் தமீம் இல்லை.

பூட்டை இழுத்துப் பார்க்காமல் வீட்டைவிட்டுக் கிளம்பியவர் எங்கள் பக்கத்தில் யாரும் கிடையாது. மூன்று முறை இழுப்போம், தெருமுனை வரை போவோம், பஸ்ஸே வந்து நின்றாலும் விட்டுவிட்டுத் திரும்பி ஓடிவந்து இன்னொரு முறை இழுப்போம், அப்புறமும் சினிமா பாதியில் பக்கத்தில் இருப்பவரைச் சுரண்டி, பூட்டினோமா என்று கேட்போம். அப்படிப்பட்டவர்கள் சாமானை இங்கே பூட்டிவிட்டு, சாவியை இடுப்பில் முடிந்துகொண்டு கடல் தாண்டிப் போனால், இழுத்துப் பார்க்க வேண்டிய கை அங்கே எப்படிச் சும்மா இருக்கும்? வாசல் கேட்டுக்கு நான்கு இலக்க ரகசிய எண் உண்டு, பதினான்கு கேமரா உண்டு, புகை வந்தால் அலறுகிற மணி உண்டு, எலிக்குக் கூண்டும் கரையானுக்கு மருந்தும் உண்டு, மாற்றுச் சாவி என்று ஒன்று நிர்வாகத்திடம் கிடையவே கிடையாது. இத்தனை இருந்தும் ஒருவருக்கும் மனசு ஆறவில்லை என்பது அந்த வாரத்திலேயே தெரிந்துபோயிற்று. பகல் பன்னிரண்டுக்கு மேல் அமெரிக்காவில் தூக்கம் வராமல் புரள்கிறவர்கள் வந்தார்கள், இரண்டு மணிக்குக் கனடாக்காரர்கள் வந்தார்கள், சாப்பாட்டு இடைவேளையில் வளைகுடாக்காரர்கள் வந்தார்கள், நைட்டியோடும் அரைக்கால் சட்டையோடும் பல் தேய்க்கிற பிரஷ்ஷோடும் வந்து நின்று இழுத்துப் பார்த்துவிட்டுப் போனார்கள். நடைபாதையில் ஒருவரும் இல்லை, திரையில் மட்டும் தேர்த் திருவிழாக் கூட்டம்.

எதிரே பஞ்சர் கடை வைத்திருக்கிற நான் இதற்கெல்லாம் சாட்சி. எங்கள் சாலை இதை எடுத்துக்கொண்ட விதத்தை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. போலீஸ்காரர் ஒருவர் வந்து பார்த்து, அத்துமீறி நுழைந்தவர்கள் யாரும் நுழையவே இல்லை என்பதால் புகார் எப்படி எழுதுவது என்று கேட்டுவிட்டு, டீ குடித்துவிட்டுப் போனார். கேமரா கம்பெனி ஆள் வந்து, லென்ஸைத் துடைத்து, வயரைப் பிடுங்கிச் செருகி, இந்தக் கோளாறுக்கு வாரண்டி கிடையாது என்று எழுதிக் கொடுத்தார். கோயில், மசூதி, மாதா கோயில் மூன்று இடத்திலும் விசாரித்தோம், மூன்று பேரும் இது எங்கள் இலாகா இல்லை என்றார்கள். அதன் பிறகு உறவுக்காரர்கள் வர ஆரம்பித்தார்கள். பையனைக் கண்ணால் பார்த்து நாலு வருஷம் ஆன தாய்மார்களும், புருஷனை வீடியோவில் மட்டும் பார்த்து அலுத்த பெண்களும் தூக்குவாளியோடு வந்து வரிசையில் நின்றார்கள். மேனேஜர் கபிலன் வேறு வழியில்லாமல், பார்வை நேரம் இரண்டு முதல் ஐந்து என்று ஒரு அட்டையில் எழுதிக் கட்டினார். ஒரு கல்யாணத் தரகர் பெண் வீட்டாரை வேனில் கூட்டிவந்தார். மஸ்கட்டில் இருக்கிற மாப்பிள்ளையைப் பவுடரில்லாமல் மேக்கப் இல்லாமல் இருக்கிறபடியே பாருங்கள் என்று ஒன்பதாம் கேமராவைக் காட்ட, அவர் பூட்டை மூன்று முறை இழுத்து, போய், திரும்பி வந்து, நான்காம் முறையும் இழுத்ததைப் பார்த்த பெண்ணின் அப்பா, பொறுப்பான பையன் என்று அங்கேயே வெற்றிலை பாக்கை மாற்றிக்கொண்டார்.

பதின்மூன்று கேமராக்களின் கதை இது. பதினான்காவது வேறு.

பதினான்காம் கேமரா காவலாளியின் நாற்காலியைப் பார்க்கிறது. காவலாளி தூங்குகிறாரா என்று மேலிடம் பார்ப்பதற்காக வைத்தது. அந்த நாற்காலி ஒரு நீல நிறப் பிளாஸ்டிக் நாற்காலி. அதற்கு முன்னால் இருந்த இரண்டையும் யாரோ எடுத்துப்போய்விட்டதால், இதை ஜன்னல் கம்பியோடு சங்கிலி போட்டு ஒரு சின்னப் பூட்டுப் பூட்டி வைத்திருந்தார்கள். அந்தப் பூட்டின் சாவி என்றோ தொலைந்துபோனது. இருநூற்றுப் பன்னிரண்டு அறைகளைக் காக்கிற இடத்தில் முதலில் திருடு போனது காவலாளியின் நாற்காலி என்று நாங்கள் கிண்டல் செய்வோம், அக்காவும் சிரிப்பார். ஏற்றுமதித் துணிக் கம்பெனியில் இருபது வருஷம் காலர் தைத்து, கம்பெனி மூடியபின் காவல் உடுப்புப் போட்டவர். ஐம்பத்து நாலு வயது. புருஷன் போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆயிற்று, பிள்ளை இல்லை, கூடப் பிறந்தவர்கள் இல்லை. எல்லாக் கேமராவிலும் யாராவது யாரையோ எதையோ நினைத்து வந்து நின்றார்கள். பதினான்கில் மட்டும் அக்கா ஒருவரே தெரிந்தார். அவர் எழுந்து ரவுண்டு போனால் காலி நாற்காலி தெரிந்தது. ஒருநாள் என் கடையில் சைக்கிளுக்குக் காற்று பிடித்துக்கொண்டே, "பதினாலுல மட்டும் ஒரு ஈ காக்கா வரமாட்டேங்குது பாத்தீங்களா" என்று சொல்லிவிட்டு, காற்று போதும் என்றார். அன்றிலிருந்து நானும் அந்தப் பதினான்கை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தேன், அவருக்காக ஒரு ஆளாவது வந்து நிற்கட்டும் என்று.

ஆனால் அக்கா அதற்காக வேலையில் குறை வைக்கவில்லை. யார் திரையில் வந்து நின்றாலும் போன் போட்டு, நடந்துபோய் பூட்டை இழுத்து, சத்தத்தைக் கேட்கவைத்து, "நல்லா தூங்குங்க" என்று சொல்லி வைப்பார். அவர்களும் நம்பித் தூங்கினார்கள். ஒவ்வொருவராகத் திரையிலிருந்து குறைந்தார்கள். இதைப் பெரிய புண்ணியம் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தபோதுதான் சிவக்கொழுந்து சார் சண்டைக்கு வந்தார்.

சிவக்கொழுந்து சார் மின்வாரியத்தில் இன்ஜினீயராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி காலமானபின் வீட்டை விற்றுவிட்டு, எங்கள் சாலையிலேயே இருக்கிற முதியோர் குடியிருப்பில் ஓர் அறையில் இருந்தார். வீட்டுச் சாமானையெல்லாம் மகன் முகிலன்தான் நாற்பத்து மூன்றாம் அறையில் அடுக்கி, பூட்டி, சாவியோடு கனடா போனான். ஞாயிற்றுக்கிழமை ஐந்து நிமிஷம் போனில் பேசுவான். ஐந்தாம் கேமராவிலோ தினமும் இருபது நிமிஷம் நின்றான். சார் மத்தியானச் சாப்பாட்டை முடித்துவிட்டு, பிளாஸ்கில் காப்பியோடு வந்து உட்கார்ந்து மகனைப் பார்ப்பார். முன்னால் முடி கொட்டிவிட்டது, டீ-ஷர்ட்டில் தோள் பக்கம் கிழிசல், இந்த வாரம் ஷேவ் செய்யவில்லை என்று குறித்துக்கொள்வார். அக்கா வழக்கம்போல முகிலனுக்கு போன் போட்டு, பூட்டுச் சத்தத்தைக் கேட்கவைத்து, தூங்கவைத்துவிட்டார். மகன் வருவது நின்றுபோயிற்று.

பன்னிரண்டு நாள் காலித் திரையைப் பார்த்துவிட்டு, சார் அக்காவிடம், என் பையனை ஏன் தூங்கவைத்தீர்கள் என்று சண்டை பிடித்து, ஓர் உதவி கேட்டார். நாற்பத்து மூன்றில் ஏதோ கோளாறு என்று பையனிடம் ஒரு பொய் சொல்ல வேண்டும். அக்கா முடியாது என்றார். மறுநாளும் கேட்டார், மறுநாளும் முடியாது என்றார். காவல்காரியின் வாய்ச்சொல்தான் சார் இங்கே கடைசிப் பூட்டு, அதை உடைக்கச் சொல்லாதீர்கள் என்று விளக்கினார். மூன்றாம் நாள் சாருடைய மனைவியின் திதி. குடியிருப்பில் செய்ய இடமில்லாமல் ஏரிக்கரையில் காக்கைக்குச் சோறு வைத்துவிட்டு, ஈர வேட்டியோடு வந்து உட்கார்ந்தவர் ஒன்றும் கேட்கவில்லை. ஐந்தாம் கேமராவை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா பதினான்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்து அக்கா போனை எடுத்தார்.

நாற்பத்து மூன்றுக்குள் கொஞ்சம் ஈரம் கசிகிற மாதிரி தெரிகிறது தம்பி, பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்று மட்டும் சொன்னார். போனை வைத்துக் கையைத் துடைப்பதற்குள் முகிலன் திரையில் வந்துவிட்டான்.

முதல் நாள் சாருக்குத் தீபாவளி. இரண்டு நேரக் காப்பியோடு உட்கார்ந்து, வந்தவர்களுக்கெல்லாம் என் பையன் என் பையன் என்று காட்டினார். ஆனால் முகிலன் மூன்று முறை இழுத்துவிட்டுப் போகவில்லை. இழுத்துக்கொண்டே இருந்தான். சாயங்காலம் ஆயிற்று, அங்கே விடிந்திருக்க வேண்டும், அப்போதும் போகவில்லை. இரவுக் காவல் பார்க்கிற அந்தோணிராஜ் அண்ணன், பட்டாளத்தில் இருந்தவர், எதற்கும் அசையாதவர், காலையில் பணி மாற்றும்போது, அந்தப் பையன் ராப்பூராவும் நின்றான் என்று சொல்லிவிட்டுத் தொப்பியைக் கழற்றினார். இரண்டாம் நாள் ஷட்டரில் காதை வைத்துக் கேட்டான். மூன்றாம் நாள் தரையில் உட்கார்ந்து, ஷட்டரில் சாய்ந்து, முகத்தைக் கையில் புதைத்துக்கொண்டான். சட்டை தோளில் தொங்கியது. சார் காப்பியைக் குடிக்காமல் அப்படியே வைத்துவிட்டு, "நாயகிம்மா, இவன் அங்க பனியில அறுபது கிலோமீட்டர் கார் ஓட்டிட்டு வேலைக்குப் போறவன்" என்றார்.

அக்கா உடனே போன் போட்டார். ஈரம் இல்லை, தவறாகச் சொல்லிவிட்டேன், இதோ பூட்டுச் சத்தம் என்று இழுத்துக் காட்டினார். முகிலன் நம்பவில்லை. பூட்டு நன்றாகத்தான் இருக்கும், உள்ளே எப்படி இருக்கிறதென்று உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டான். நியாயமான கேள்வி. திறந்து காட்டலாம் என்றால் சாவி அவனிடம் கனடாவில் இருந்தது, மாற்றுச் சாவி கிடையாது என்பதே அந்த இடத்தின் பெருமை. என்ன செய்வதென்று தெரியாமல் அக்கா திரும்பியபோது, சிவக்கொழுந்து சார் எழுந்து வந்து போனை வாங்கிக்கொண்டார்.

"முகிலா, ஈரமெல்லாம் ஒண்ணும் கிடையாதுடா. நான்தான் அந்தம்மாவைப் பொய் சொல்லச் சொன்னேன்."

திரையில் முகிலன் முகத்திலிருந்து கையை எடுத்தான்.

"நீ இங்க வந்து நிக்கறதை நான் பாத்துட்டிருந்தேன். நீ நிம்மதியாயிட்டே, வர்றதில்ல. எனக்குப் பாக்கணும்போல இருந்துச்சு. போன்ல எப்ப கேட்டாலும் நல்லாருக்கேன்னுதான் சொல்றே. நீ எப்படி இருக்கேன்னு இங்கதான்டா தெரியுது."

"அம்மா புடவையெல்லாம் நனைஞ்சுபோச்சுன்னு நினைச்சேம்பா" என்றான் முகிலன்.

அதுவரை திரையில் வந்தவர்கள் யாரும், இத்தனை நாளில் ஒருவர்கூட, கேமராவைப் பார்த்ததில்லை. பூட்டைத்தான் பார்ப்பார்கள். முகிலன் மெல்ல எழுந்து, பின்பக்கத் தூசியைத் தட்டிக்கொண்டு, திரும்பி, நேராகக் கேமராவை அண்ணாந்து பார்த்தான். இங்கே சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். அப்பாவும் பிள்ளையும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு அப்படியே இருந்தார்கள். பிறகு அவன் பூட்டை மூன்று முறை இழுத்துவிட்டுப் போனான். அன்றிலிருந்து தினமும் அப்பாவோடு வீடியோவில் பேசினான், தை மாதம் சாவியோடு நேரிலேயே வருவதாகவும் சொன்னான்.

அப்பாவும் பிள்ளையும் சேர்ந்துவிட்டார்கள், விஷயம் முடிந்தது என்று நாங்கள் விட்டுவிட்டோம். அக்கா விடவில்லை. அன்று சாயங்காலமே சம்பவப் பதிவேட்டை எடுத்து, நாற்பத்து மூன்றாம் அறை குறித்து உரிமையாளரிடம் நான் பொய் சொன்னேன் என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, மேனேஜர் கபிலனிடம் நீட்டினார். கபிலன் இரண்டு முறை படித்துவிட்டு, எடுத்த நடவடிக்கை என்கிற கட்டத்தில் நான் என்னக்கா எழுதட்டும் என்று கேட்டார். அக்கா யோசித்துவிட்டு, இருநூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் நானே போன் பண்ணிச் சொல்லிவிடுகிறேன் சார், அதற்கப்புறமும் என்னை நம்புவதா வேண்டாமா என்று அவர்கள் முடிவு செய்யட்டும் என்றார்.

பதினோரு நாள் ஆயிற்று. ஒன்றாம் நம்பரிலிருந்து தொடங்கி ஒவ்வொருவரையும் கூப்பிட்டு, ஒரே ஒரு தடவை ஒரு பொய் சொன்னேன், உங்களிடம் சொன்னதெல்லாம் நிஜம், இப்போதும் உங்கள் பூட்டு இதோ என்று இழுத்துக் காட்டினார். ஒருத்தராவது கோபப்படுவார் என்று எதிர்பார்த்தார். யாரும் கோபப்படவில்லை. பொய் எதற்குச் சொன்னீர்கள் என்று கேட்டவர்கள் காரணத்தையும் கேட்டுக்கொண்டார்கள். அவர்களில் பலர் அன்றைக்கே தங்கள் அப்பா அம்மாவுக்கு போன் செய்ததாகப் பிறகு தெரிந்தது. டொராண்டோவிலிருந்து ஒரு பெண், "அதெல்லாம் இருக்கட்டும், நீங்க சாப்பிட்டீங்களாக்கா?" என்று கேட்டாள். அக்காவை யாரும் அப்படிக் கேட்டு வருஷக்கணக்காகியிருக்கும். என் கடைக்கு வந்து அதை என்னிடம் சொன்னார், இரண்டு முறை சொன்னார். அதற்குப் பிறகு போனில் பேச்சு ஒருவழியாக இல்லை. பூட்டுச் சத்தம் கேட்டபின் அவர்களும் நாலு வார்த்தை விசாரித்தார்கள். அக்காவும், எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன் என்று சொல்லிவைத்தார்.

முகிலன் சொன்ன அதே நல்லாத்தான் இருக்கேன். அக்காவின் வயிற்றில் கட்டி இருந்தது. ஆறு மாதமாகவே வலியை மாத்திரையில் அடக்கி, இடுப்புப் பெல்ட்டை இறுக்கிக்கொண்டு ரவுண்டு போயிருக்கிறார். மார்கழி பிறந்து நாலாம் நாள், நூற்றுப் பதினெட்டாம் பூட்டை இரண்டு முறை இழுத்தவர் மூன்றாவது முறை இழுக்காமல் அங்கேயே விழுந்தார். பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். ஆபரேஷன் செய்ய வேண்டும் என்றார்கள். படிவத்தில் நோயாளிக்கு என்ன உறவு என்று கேட்டிருந்த இடத்தில் அந்தோணிராஜ் அண்ணன் யாரையும் கேட்காமல், அண்ணன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அக்கா கட்டிலில் படுத்து விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்துக் கட்டில்களில் மகளும் மருமகளும் தலை வாரிவிட்டுக்கொண்டும் சாத்துக்குடி பிழிந்துகொண்டும் இருந்தார்கள். மறுநாள் கத்தி வைக்கப்போகிறார்கள். திரும்பி வராவிட்டால் நாற்காலிக்கு வேறு ஆள் போடுவார்கள், சங்கிலி அதேதான், வேலை அதேதான் என்று நர்ஸிடம் சாதாரணமாகச் சொல்லியிருக்கிறார். அவருக்குப் பயமாக இருந்தது, அதைச் சொல்ல ஆள் இல்லை.

இங்கே எங்கள் சாலையில், அக்கா விழுந்த மறுநாள், ஒருவருக்கும் போன் போகவில்லை. இரண்டாம் நாளும் போகவில்லை, அவர்களாகக் கூப்பிட்டபோதும் அக்கா எடுக்கவில்லை. அன்று பகல் பன்னிரண்டு மணிக்கு, அக்காவுக்குப் பதிலாக வந்தவர் என் கடைக்கு ஓடிவந்து, என்னால் அந்த நாற்காலியில் உட்கார முடியவில்லை, வந்து பாருங்கள் என்றார்.

பதினான்காம் கேமராவில் தமீம் நின்றுகொண்டிருந்தார்.

அதே லுங்கி, அதே பனியன். குனிந்து, நாற்காலியை ஜன்னல் கம்பியோடு கட்டியிருந்த அந்தச் சின்னப் பூட்டைப் பிடித்து மூன்று முறை இழுத்துப் பார்த்தார். அவருக்குப் பின்னால் டொராண்டோப் பெண், தலைமுடியைக் கொண்டை போட்டுக்கொண்டே வந்து, குனிந்து இழுத்தாள். மஸ்கட் மாப்பிள்ளை மூன்று முறை இழுத்துவிட்டு, போய், திரும்பி வந்து நான்காம் முறை இழுத்தார். நைட்டிகளும் அரைக்கால் சட்டைகளும் பிரஷ்களும் வந்தன. ஒருவரும் போகவில்லை. இழுத்துப் பார்த்தவர்கள் ஓரமாக ஒதுங்கி நின்று அடுத்தவருக்கு இடம் விட்டார்கள், வரிசை வாசல் தாண்டிச் சாலைக்கு வந்துவிட்டது, திரைக்கு வெளியே நேரில் பார்த்தால் நீல நாற்காலி ஒன்றுதான். முகிலன் தடித்த பனிக்கோட்டோடு வந்திருந்தான். காரை ஓரமாக நிறுத்திவிட்டு நினைத்திருப்பான். இதற்குள் தூக்குவாளித் தாய்மார்களும் டீக்கடைக் கஸ்தூரியும் அறைக்குள் நெருக்கியடித்துக்கொண்டு பார்க்க, கஸ்தூரி திடீரென்று என் கையைப் பிடித்தாள். திரையில், வரிசையின் நடுவில், கஸ்தூரி நின்றுகொண்டிருந்தாள். அவளுக்கு நாலு பேர் தள்ளி ஒரு வழுக்கைத் தலை. அது என்னுடையது. நான் சாப்பிடப் போகிற நேரத்தில் தினமும் என் கடையையும் ஒரு கண் பார்த்துக்கொண்டவர் அக்கா, அதற்கு ஒருநாளும் நான் நன்றி என்று வாயால் சொன்னதில்லை. திரையில் என் முறை வந்தது. நான் குனிந்து அந்தப் பூட்டை இழுப்பதை நானே நின்று பார்த்தேன்.

கபிலனும் சிவக்கொழுந்து சாரும் நானும் பார்வையாளர் நேரத்துக்கு ஆஸ்பத்திரிக்குப் போனோம். கபிலன் தன் போனில் பதினான்காம் கேமராவைத் திறந்து அக்காவின் கையில் கொடுத்தார். அக்கா முதலில் நாற்காலியை யாரோ தூக்கிப்போய்விட்டார்கள் என்று நினைத்து அதைத்தான் தேடினார். பிறகு முகங்களைப் பார்த்தார். ஒவ்வொன்றாக நம்பர் சொன்னார். அறுபத்தொன்று. நூற்று நாலு. எழுபத்தேழு, அவருக்கு முட்டி வலி, எதற்குக் குனிகிறார். நாற்பத்து மூன்று. அதற்கு மேல் நம்பர் வரவில்லை, அழுதார். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, பக்கத்துக் கட்டில் மகள்களெல்லாம் திரும்பிப் பார்க்க, ஒளிக்காமல் அழுதார்.

கபிலன், நாளைக்கு ஆபரேஷன், பயமில்லை என்று எல்லாருக்கும் இப்போதே செய்தி அனுப்பிவிடட்டுமா, பாவம் வேலையை விட்டு நிற்கிறார்கள் என்று கேட்டார். அக்கா அவருடைய மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னைக்கு வேணாம் சார். இன்னைக்கு ஒருநாள் மட்டும் நிக்கட்டும். நான் பாத்துட்டிருக்கேன்."

சொல்லிவிட்டு சிவக்கொழுந்து சாரை நிமிர்ந்து பார்த்தார். சார் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து பிளாஸ்கைத் திறந்தார். பார்வையாளர் நேரம் முடிந்து மணி அடித்தபோது கபிலன் போனைத் திரும்பக் கேட்கவில்லை, அங்கேயே விட்டுவிட்டு வந்தார்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மூன்றாம் நாள், எழுந்து உட்காரலாம் என்று டாக்டர் சொன்னவுடன், அக்கா ஒன்றாம் நம்பரிலிருந்து கூப்பிட ஆரம்பித்தார். ஆஸ்பத்திரியில் எங்கே போய்ப் பூட்டைத் தேடுவது? கட்டிலுக்குப் பக்கத்தில் மருந்து வைக்கிற இரும்பு அலமாரியில் ஒரு சின்னப் பூட்டு தொங்கியது. போனை அதன் அருகில் பிடித்து மூன்று முறை இழுத்து, நான் நல்லா இருக்கேன், இந்தத் தடவை நிஜமாவே நல்லா இருக்கேன், கேட்டுச்சா என்று கேட்டார். கேட்டுச்சுக்கா என்று ஒவ்வொருவராகச் சொல்லிவிட்டுத் திரையிலிருந்து போனார்கள். கஸ்தூரிக்கும் எனக்கும்கூட போன் வந்தது. வரிசை வாசலுக்குள் சுருங்கி, அறைக்குள் சுருங்கி, கடைசியில் நாற்காலிக்குப் பக்கத்தில் பனிக்கோட்டோடு ஒருவன் மட்டும் நின்றான்.

நாற்பத்து மூன்றை வேண்டுமென்றே கடைசிக்கு வைத்திருந்தார் அக்கா. பூட்டை மூன்று முறை இழுத்தார்.

"கேட்டுச்சா தம்பி?"

"கேட்டுச்சுக்கா" என்றான் முகிலன். "பரவால்ல, இன்னும் கொஞ்ச நேரம் நின்னுட்டுப் போறேன்."